கடல்காற்று எழுவதற்குள்

வாசனை இருக்கிறதா, இல்லை, இருப்பதாக மூக்கு நினைத்துக்கொள்கிறதா என்று சொக்கலிங்கத்துக்குப் பிடிபடவில்லை. பால்கனிக் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு மூச்சை உள்ளே இழுத்துப் பார்த்தார். பக்கத்து வீட்டில் தாளிக்கிற கடுகு. மொட்டைமாடியில் காயும் போர்வையின் சோப்பு. அதற்கும் அடியில் ஏதோ ஒன்று, ஸ்விட்ச் கருகினால் வருமே அதுமாதிரி, இருப்பதுபோல இருந்தது. இன்னொரு தடவை இழுத்தபோது இல்லை. எதிரே சதுப்பு நிலம் வெயிலில் பளபளவென்று கிடந்தது. நாணல், அதற்குள் வெள்ளை வெள்ளையாகக் கொக்குகள், அதற்கும் அப்பால், தெரியாதவர்கள் குன்று என்று நினைத்துக்கொள்ளக்கூடிய குப்பைமேடு. ஃப்ளாட் பார்க்க வந்த அன்று அவரும் குன்று என்றுதான் நினைத்தார். புரோக்கர் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை, ஜன்னல் நல்ல தேக்கு சார் என்றான். முற்பகலில் காற்று நிலத்திலிருந்து கடலுக்குப் போகும், அதனால் இப்போது இங்கே ஒன்றும் வராது, மத்தியானத்துக்கு மேல் கடல்காற்று எழுந்தால்தான் அது மேட்டைத் தடவிக்கொண்டு நேராக இந்தப் பால்கனிக்குள் நுழையும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். தெரிந்து என்ன. தேன்மொழி இன்று வருகிறாள். ஏழாம் மாதம். அரக்கோணத்தில் மாமியார் வீட்டில் இந்நேரம் அவளுக்கு வளைகாப்பு நடந்துகொண்டிருக்கும், முடிந்ததும் மனைவி செண்பகம் மகளைக் காரில் ஏற்றி இங்கே கூட்டிவந்துவிடுவாள், தலைப்பிரசவம் தாய் வீட்டில். பங்குனி, சித்திரை, வைகாசி என்று மேடு பற்றிக்கொள்கிற மாதங்கள் முழுக்க, சின்ன வயசிலிருந்தே இழுப்பு உள்ள பெண், வயிற்றில் பிள்ளையோடு இந்த வீட்டில் மூச்சு விடுவாள். வேண்டாம் என்று சொல்ல வேண்டும். சொல்வதென்றால் அவள் அரக்கோணத்து வாசல்படியைத் தாண்டுவதற்கு முன்னால் சொல்ல வேண்டும், ஏனென்றால் வளை போட்டுத் தாய் வீட்டுக்குப் புறப்பட்டவள் பாதி வழியில் திரும்பக்கூடாது, திரும்பினால் பிள்ளைக்கு ஆகாது என்பதைச் செண்பகம் தன் மூச்சைப் போல நம்புகிறாள். ராகுகாலத்துக்கு முன்னால் கிளம்பிவிடுவார்கள். போன் சட்டைப் பையில் இருந்தது. அதை எடுத்தார், மணி பார்த்தார், மறுபடி பையில் போட்டார்.

வளைகாப்பு பெண்கள் காரியம், அங்கே ஆண்களுக்கு என்ன வேலை, அதோடு காற்றைச் சுத்தம் செய்கிற மெஷின் டெலிவரி வருகிற நாள், வீட்டில் யாராவது இருக்க வேண்டும் என்று நேற்று செண்பகம் சொன்னதும் சட்டென்று ஒத்துக்கொண்டுவிட்டார். இப்போது யோசித்தால் அந்த ஒத்துக்கொள்ளலே ஒரு கோழைத்தனமாகப் படுகிறது. அங்கே போயிருந்தால் மகளின் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டியிருக்கும். இங்கே இருந்தால் போன் இருக்கிறது, போன் எடுக்கவில்லை என்று இருக்கிறது, சிக்னல் இல்லை என்று இருக்கிறது. உள்ளறைக்குப் போனார். மகளுக்கென்று ஒழித்த அறை. சுவருக்குப் புதுப் பூச்சு, கட்டிலுக்குக் கொசுவலை, குழந்தையைக் குளிப்பாட்ட வாத்துத் தலை வைத்த நீலத் தொட்டி, தொட்டில் கம்பி, துணிகளை உலர்த்த மடக்கு ஸ்டாண்டு, இன்னும் பிறக்காத பிள்ளையின் நகத்தை வெட்ட ஒரு சின்ன வெட்டி. எல்லாமே பெட்டியில் வந்தவை. செண்பகத்துக்குப் போனில் வாங்கத் தெரியாது, அவள் விரலால் காட்டுவாள், கட்டைவிரலால் அழுத்துகிறவர் அவர். அதனால் கணக்குப் பார்த்தால் எல்லாம் அவர் கை. வசம்பைக்கூட அப்படித்தான் வாங்கினார்கள். பிறந்த பிள்ளை கையில் கட்டுகிற வசம்பு, தெருமுனை நாட்டுமருந்துக் கடையில் கேட்டால் பேப்பரில் மடித்துக் கொடுத்துவிடுவார்கள், ஆனால் செண்பகம் போனில் பார்த்தது மணிமணியாகக் கோத்து அழகாக இருந்தது, எங்கோ வடக்கேயிருந்து லாரியிலும் வண்டியிலும் வந்து சேர்ந்தது. பெரிய அட்டைப்பெட்டி. அதற்குள் காற்றடைத்த பிளாஸ்டிக் தலையணைகள். அதற்குள் பபுள் ராப். அதற்குள் இன்னொரு பெட்டி. அதற்குள் பிளாஸ்டிக் டப்பா. டப்பாவுக்குள், சிறுவிரல் தடிமனுக்கு வசம்பு. அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தார், செண்பகமும் சிரித்தாள், என்னங்க, மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி வந்திருக்கு என்றாள். சிரித்துவிட்டு அவள் அடுப்படிக்குப் போனாள். அவர் தரையில் கிடந்ததைப் பொறுக்கினார்.

பொறுக்கியதை எங்கே வைப்பது என்பதுதான் விஷயம். அட்டையைப் பேப்பர் கடைக்காரர் எடுத்துக்கொள்வார். மற்றதைக் காட்டினால் கையெடுத்துக் கும்பிடுவார், சார், இது காத்து சார், காத்தை எந்தத் தராசுல வைக்கிறது என்பார். அதனால் மற்றதெல்லாம் பால்கனியில் சேர்ந்தது. தெர்மாகோல் துண்டுகள் ஒரு கோணிப்பையில், பபுள் ராப் இன்னொன்றில். குமிழியை உடைத்துத் தட்டையாக்கினால் இடம் குறையும் என்று ஒரு ஞாயிறு முழுக்க உட்கார்ந்து உடைத்துக்கொண்டிருந்தார். மேல்வீட்டுக்காரர் எட்டிப்பார்த்து, சார் வீட்டில் பட்டாசா என்று கேட்டார். கோணிப்பைகள் வயிறு முட்டியதும் வேறு வழியில்லாமல் குப்பை வண்டியில் போட்டார், தனித்தனியாக, இன்னது என்று மேலே எழுதி ஒட்டி. எழுதி ஒட்டியது ஞாபகம் வரும்போதெல்லாம் காது சூடாகிறது. ஒருநாள் பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் அந்த வண்டி முன்னால் போனது, ஏனோ பள்ளிக்கூடத்துக்குத் திரும்பாமல் அதன் பின்னாலேயே ஸ்கூட்டரை விட்டார், அது அந்தச் சதுப்பைச் சுற்றிக்கொண்டு போய் மேட்டின் அடிவாரத்தில் பின்பக்கத்தைத் தூக்கியது. எல்லாம் ஒன்றாகத்தான் சரிந்தது. இலை, எலும்பு, செருப்பு, டயப்பர், அட்டை, நடுவில் அவர் கையெழுத்து ஒட்டிய கோணிப்பை உருண்டு வந்து நின்றது. மற்றவர்கள் குப்பைக்குப் பெயர் கிடையாது. அவருடையது பெயரோடு கிடந்தது. அன்று முதல் பீரியடுக்குத் தாமதமாகப் போய் பாலிமர் பாடம் எடுத்தார். அது எப்போதும் வருஷக் கடைசியில் அவசரமாக ஓட்டுகிற பாடம். ஸ்டைரீன், பாலிஸ்டைரீன், வினைல் குளோரைடு, பிவிசி. பரீட்சையில் எது வரும் சார் என்று ஒரு பையன் கேட்டான். இவை எரிந்தால் என்ன வரும் என்று புத்தகத்தில் இல்லை, பரீட்சையிலும் வராது. அவருக்குத் தெரியும். கரும்புகை, கரி, ஸ்டைரீன் ஆவி, ஹைட்ரோகுளோரிக் ஆசிட் ஆவி, அப்புறம் பெயர் சொன்னாலே நாக்கு உலர்கிற சிலது, உடம்புக்குள் போனால் கொழுப்பில் போய் உட்கார்ந்துகொள்ளும், தாயிடமிருந்து பாலில் இறங்கும். பாலில். அந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் நினைப்பு கால் இடறி நிற்கிறது, பின்வாங்குகிறது, சுற்றிக்கொண்டு மறுபடி அங்கேயே வந்து நிற்கிறது.

போன கோடையில் மேடு எரிந்தபோது தேன்மொழி இங்கே இல்லை. அதுதான் செண்பகத்துக்கும் அவளுக்கும் தெரியாத, அல்லது தெரிந்தும் தைக்காத இடம். செண்பகம்கூட அந்த வாரம் தங்கை வீட்டுக் கல்யாணத்துக்குக் கோவில்பட்டி போயிருந்தாள். அவர் ஒருவர்தான் இந்த வீட்டில் கிடந்தார். தீ என்றால் கொழுந்துவிட்டு எரிவது இல்லை. மேட்டின் வயிற்றுக்குள் எங்கோ புகைந்துகொண்டே இருந்தது, தண்ணீர் அடித்தார்கள், மண் கொட்டினார்கள், ஒரு பக்கம் அணைந்தால் இன்னொரு பக்கம் மூச்சு விட்டது. பகலில் சூரியன் பித்தளைத் தட்டு மாதிரி தெரிந்தது. ஜன்னல் இடுக்குகளில் ஈரத் துண்டைச் செருகினார், துண்டு காய்ந்தபோது அதில் கறுப்பாக ஒரு கோடு இருந்தது. தண்ணீர் குடித்தால் அதில் அந்த ருசி. சட்டையில் அது. தலையணையில் அது. மூன்றாம் நாளோ நான்காம் நாளோ இருமி இருமி வாஷ்பேசினில் குனிந்தபோது, இது என் கோணிப்பையாக இருக்கும் என்று தோன்றியது. அபத்தம். இத்தனை பெரிய ஊரின் குப்பையில் அவருடையது எம்மாத்திரம். ஆனாலும் அந்த எண்ணம் இருமலோடு சேர்ந்து உள்ளே இறங்கிவிட்டது. செண்பகம் திரும்பி வந்தபோது மழை பெய்து எல்லாம் கழுவிவிட்டிருந்தது. வீட்டை ஏன் இப்படி வச்சிருக்கீங்க, ஒரே கரி என்றாள். சொன்னார். அவளும் கேட்டுக்கொண்டாள். கேட்டதும் பட்டதும் ஒன்றா. தேன்மொழி சின்னவளாக இருந்தபோது மார்கழி முழுக்க அவள் நெஞ்சு கீச்சுக் கீச்சென்று கத்தும், தோளில் போட்டுக்கொண்டு கிளினிக்குக்கு நடப்பார், அவர் காதோரம் அந்தச் சின்ன மூச்சு வாசல் தேடுகிற மாதிரி முட்டி முட்டிப் போய்வரும், அவரும் தன்னையறியாமல் அதே தாளத்தில் மூச்சு விடுவார். வளர்ந்து சரியாகிவிட்டது. ஆனால் இழுப்புக்கான மருந்துக் குழாய் இன்னும் அவள் கைப்பையில் இருக்கிறது, போன மாதம் வந்தபோது பார்த்தார், அவர் பார்த்ததைப் பார்த்து அவள் ஜிப்பை மூடினாள்.

எத்தனையோ தடவை வாயெடுத்தார். முதல் தடவை செண்பகம் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கோடையில் புகை வருமே என்று ஆரம்பித்தார். உங்களுக்கே உங்கம்மா தினமும் சாம்பிராணி போட்டுத்தான் வளர்த்தாங்க, மூச்சுக்கு என்ன குறைச்சல், நாள் முழுக்கப் பேசறீங்களே என்றாள் அவள். அடுத்த தடவை கொஞ்சம் தைரியமாக, அரக்கோணத்திலேயே பிரசவம் வைத்துக்கொண்டால் என்ன என்று கேட்டுவிட்டார். அவள் கையில் இருந்ததைக் கீழே வைத்தாள். சம்பந்தியம்மாள் ஏற்கெனவே ஒருமுறை, நல்ல ஆஸ்பத்திரி இங்கேயே இருக்கே, பிள்ளைக்கு அலைச்சல் வேண்டாமே என்று நல்ல மனதோடு சொல்லியிருந்தார், செண்பகம் அதை நல்ல மனதோடு எடுத்துக்கொள்ளவில்லை. ஒரே பிள்ளை. அவளுக்கு ஒரு பிரசவம் பார்க்க வக்கில்லைன்னு ஊர் சொல்லணுமா என்று கேட்டாள். ஊர் அப்படித்தான் சொல்லும். வாத்தியார் செலவுக்குப் பயந்து சாக்குச் சொல்றாரு என்பார்கள். புகை என்றால் சிரிப்பார்கள், அந்தப் பக்கம் ஆயிரம் குடும்பம் இருக்கு, அங்கே பிள்ளை பிறக்கலையா என்பார்கள். பிறக்கிறதுதான். கீழ்வீட்டில் போன ஆவணியில் ஒரு குழந்தை பிறந்தது, கொழுகொழுவென்று இருக்கிறது, லிஃப்டில் பார்த்தால் அவர் மூக்கைப் பிடிக்கும். அதைப் பார்த்தாலும் பயமாக இருக்கிறது, அது நன்றாக இருப்பதே அவர் வாதத்துக்கு எதிர்சாட்சி மாதிரி. அது இருமாதா என்று காத்திருக்கிற தன்னைக் கண்டுபிடித்து ஒருநாள் லிஃப்டிலிருந்து ஒரு மாடி முன்னாலேயே இறங்கி நடந்தார். கடைசியில், சரி, காத்தைச் சுத்தம் பண்ற மெஷின் ஒண்ணு வாங்கிப் போட்டுருவோம், அப்புறம் என்ன என்று செண்பகம்தான் தீர்ப்புச் சொன்னாள். விரலால் காட்டினாள். அவர் கட்டைவிரலால் அழுத்தினார்.

காலிங் பெல் அடித்தது. தலைக்கவசம் கழற்றாத ஒரு ஆள், வியர்வை காதோரம் வழிய, பெட்டியைத் தூக்கமாட்டாமல் தூக்கிவந்து வைத்தார். ஓடிபி கேட்டார், சொக்கலிங்கம் சொன்னார். பெட்டி பெருசு, சாமான் லேசுதான் சார் என்று சொல்லிவிட்டு லிஃப்ட் கதவு மூடுவதற்குள் ஓடினார். பெட்டி இடுப்பு உயரம் இருந்தது. டேப்பைக் கிழித்தபோது சத்தம் வீடு முழுக்கப் போனது. மூடியைத் திறந்தால் தெர்மாகோல், மேலே ஒரு பாளம், கீழே ஒரு பாளம், நான்கு பக்கமும் நான்கு. உரசியபோது பல் கூசியது. வெள்ளை மணிகள் உதிர்ந்து நிலைமின்சாரத்தில் அவர் முழங்கையில் ஒட்டிக்கொண்டன, தட்டினால் மற்ற கையில் ஒட்டின, ஊதினால் பறந்துபோய் மகளின் புதுத் தலையணை உறையில் உட்கார்ந்தன. ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுத்தார். எடுத்ததை எங்கே போடுவது. உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டார். இது எங்கே போகும் என்று தெரியும், எந்த மாதம் எரியும் என்றும் ஏறக்குறைய தெரியும், எந்தக் காற்றில் திரும்பி வரும் என்றும் தெரியும், வரும்போது அதைப் பிடித்து நிறுத்தத்தான் இந்த மெஷின். அதன் வடிகட்டியை வருஷத்துக்கு ஒருமுறையாவது மாற்ற வேண்டும் என்று போட்டிருந்தது. பழையது அங்கே போகும். புதியது பெட்டியில் வரும். சிரிப்பு வருமா என்று பார்த்தார், வரவில்லை. மெஷினைக் கட்டில் தலைமாட்டில் வைத்து ஸ்விட்சைப் போட்டார். கெட்ட காற்று என்றால் சிவப்பு விளக்கு, சுமார் என்றால் மஞ்சள், நல்ல காற்று என்றால் நீலம். அது உர்ரென்று கொஞ்ச நேரம் யோசித்தது. அவரும் அதற்கு முன்னால் தரையில் உட்கார்ந்தார். சிவப்பு எரிய வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறோம் என்பது புரிந்தபோது வெட்கமாக இருந்தது. சிவப்பு எரிந்தால் படம் எடுத்து அனுப்பலாம், பார், நான் சொன்னேனே என்று சொல்லலாம், மெஷினே சொல்கிறது என்றால் செண்பகம் கேட்பாள், அவரைவிட மெஷினை அவள் நம்புவாள். நீலம் எரிந்தது. தெளிவான, கோயில் குளத்துத் தண்ணீர் மாதிரி நீலம்.

அப்படியே உட்கார்ந்திருந்தார். ஒருவேளை எல்லாம் மனப்பிரமையோ. வயசு ஐம்பத்தைந்தைத் தாண்டினால் ஆண்களுக்கு இப்படி ஏதாவது பிடித்துக்கொள்ளும் என்கிறார்கள், சிலருக்கு ஜோசியம், சிலருக்கு சர்க்கரை, இவருக்குப் புகை. மகள் வரட்டும், இந்த நீல வெளிச்சத்தில் படுக்கட்டும், ஜன்னலைச் சாத்திவைத்தால் போகிறது. ஜன்னலைச் சாத்திக்கொண்டு மூன்று மாதம் ஒரு கர்ப்பிணி. சித்திரை வெயிலில். கரண்ட் போனால். மேடு எரிகிற நாட்களில் கரண்ட் போகத்தான் செய்தது, அன்று இருட்டில் உட்கார்ந்து தன் மூச்சை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். இன்னொரு மூச்சை அந்த இருட்டில் வைத்துப் பார்த்தார். அதற்குள் இன்னொன்றை. எழுந்துவிட்டார். எழுந்த வேகத்தில் தெர்மாகோல் பாளம் காலில் மிதிபட்டு உடைந்தது. சொல்லிவிட வேண்டும், இப்போதே, அவர்கள் படியிறங்குவதற்குள். அவள் வர வேண்டாம், நாம் அங்கே போவோம், சம்பந்தி வீட்டில் தங்க வேண்டாம், பக்கத்துத் தெருவில் வாடகைக்கு ஓர் அறை பிடிப்போம், தாய் வீடு என்பது தாய் இருக்கிற வீடுதானே. இதைச் சொன்னால் செண்பகம் ஒத்துக்கொள்வாள் என்று நினைத்தார், இந்த வாக்கியம் ஏன் இத்தனை நாள் தோன்றவில்லை என்றும் நினைத்தார். பால்கனிக்கு வந்து போனை அழுத்தினார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. செண்பகம் எடுத்தபோது அவள் குரலுக்குப் பின்னால் காற்று இரைந்தது.

கிளம்பியாச்சு என்றாள். எல்லாம் சீக்கிரமே முடிந்துவிட்டதாம், சம்பந்தியம்மாள் ஐந்து வகைச் சாதம் செய்து அசத்திவிட்டாராம், வளை ஒன்றுகூட உடையவில்லையாம், ஊர் தாண்டி மெயின் ரோட்டுக்கு வந்துவிட்டார்களாம். அவள் குரலில் அத்தனை சந்தோஷத்தைக் கேட்டு ரொம்ப நாள் ஆகியிருந்தது. யோசித்துவைத்த வாக்கியத்தைத் தேடினார். அறை, பக்கத்துத் தெரு, தாய் இருக்கிற வீடு, எல்லாம் உதிரியாகக் கிடந்தன.

“செண்பகம், வண்டியைத் திருப்பச் சொல்லு” என்றார்.

காற்று இரைந்தது. அவளுக்குக் கேட்கவில்லை என்று நினைத்து மறுபடி சொன்னார். அங்கேயே இருக்கட்டும், நானும் வந்துவிடுகிறேன், வீடு பார்த்துக்கொள்ளலாம் என்று அவசர அவசரமாகச் சொன்னார்.

“வளை போட்டுப் புறப்பட்ட பிள்ளையைத் திரும்பிப் போங்கறீங்க” என்றாள் செண்பகம். கத்தவில்லை. யாரோ தெரியாதவரிடம் பேசுகிறமாதிரி சொன்னாள். “பெத்த அப்பன் வாயால வர்ற வார்த்தையா இது.”

அதன்பின் கண்ணாடி வளைகளின் சத்தம், கை நிறைய, போனுக்கு மிக அருகில். தேன்மொழி வாங்கிவிட்டாள்.

“அப்பா, அங்க இப்ப புகை இருக்கா?”

அவர் நிமிர்ந்து பார்த்தார். இருபுறமும் கண் போகிற மட்டும் வானம் கழுவித் துடைத்துவைத்தமாதிரி கிடந்தது. மேட்டின் விளிம்பில் ஒரு பருந்து வட்டமிடுவதுகூடத் தெளிவாகத் தெரிந்தது. இப்போது இல்லை, ஆனால் என்று தொடங்கலாம். அது உண்மை. அந்த ‘ஆனால்’ முடிவதற்குள் செண்பகம் போனை வாங்கிக்கொள்வாள், கார் போகிற வழியில் போகும், சாயங்காலத்துக்குள் ஆரத்தி கரைத்து வாசலில் நிற்பார்கள். அவள் குழந்தையாக இருந்தபோது, ஊசி வலிக்காது என்றுகூட அவர் பொய் சொன்னதில்லை, கொஞ்சம் வலிக்கும், அப்பா கையைப் பிடிச்சுக்கோ என்றுதான் சொல்வார், அதனால்தான் அவள் இப்போது அம்மாவிடமிருந்து போனை வாங்கி அவரைக் கேட்கிறாள். அவர் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்வாள். அறைக்குள் மெஷின் உர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது.

“இருக்கும்மா” என்றார்.

“ரொம்பவா?”

“ரொம்ப.”

அவள் மூச்சு விடுவது கேட்டது. பிறகு போனை வாயிலிருந்து விலக்கி, அண்ணா, அடுத்தாப்ல எங்க திரும்பலாம் என்று டிரைவரிடம் கேட்டாள். செண்பகம் ஏதோ சொல்ல ஆரம்பித்தாள், அது பாதியில் அழுகையாக மாறியது. காரின் இன்டிகேட்டர் டிக், டிக் என்று அடித்தது. அவர் போனைக் காதோடு அழுத்தி வைத்துக்கொண்டு, வண்டி முழுசாகத் திரும்பி அந்தச் சத்தம் நிற்கிறவரைக்கும், ஒரு கறைகூட இல்லாத அந்த வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.